யார் சொன்னது, எந்தப் பக்கத்தில்? திருகோணமலை மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை ஆதாரக் கையேடு

"கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1624இல் இடித்தனர்." இப்படி ஒரு வசனத்தை எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவது சுலபம். மேற்பார்வையாளர் அந்த வசனத்தின் ஓரத்தில் சிவப்புப் பேனையால் ஒரு கேள்விக்குறி போடுவார். காரணம், 1622 என்று சொல்லும் நூல்களும் உண்டு. எந்த ஆண்டு சரி என்பது பிறகு. நீங்கள் எழுதிய ஆண்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதுதான் அவர் முதலில் கேட்பது. அதற்கு நூற்பெயரும் பக்க எண்ணும் உங்களிடம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த வசனத்தை வெட்டவேண்டும்.

உயர்தரச் செயற்றிட்டம் செய்கிறவர்களும் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் ஆய்வேடு எழுதுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். வேலை நடக்கிற ஒழுங்கிலேயே அவற்றைப் பார்ப்போம்.

தலைப்பை ஒடுக்குங்கள்

"திருகோணமலையின் வரலாறு" என்று தேடினால் ஆயிரம் விடயம் வரும், ஒன்றும் உதவாது. இடம், காலம், கேள்வி மூன்றையும் தலைப்புக்குள் வைத்தால் தேடவேண்டிய ஆதாரம் தானாகவே தெரியவரும். "2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் கிண்ணியாவிலிருந்து நகரப் பாடசாலைகளுக்கு வரும் மாணவர் தொகை மாறியதா?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வலயக் கல்வி அலுவலகத்துப் பதிவுகள், பாலத்துக்கு முன்பு ஓடிய பாதைப்படகு பற்றிய பத்திரிகைச் செய்திகள், அதில் போய்வந்தவர்களின் வாய்மொழி ஆகியவை வேண்டும் என்பது கேள்வியிலேயே கிடக்கிறது. ஒரு தலைப்பைப் பார்த்தவுடன் இன்ன மூன்று இடத்தில் ஆதாரம் இருக்கும் என்று சொல்ல முடியாவிட்டால் அந்தத் தலைப்பு இன்னும் அகலமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஒரு ஊருக்குப் பத்து எழுத்து

தேடத் தொடங்குமுன் கொப்பியில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, உங்கள் தலைப்பில் வரும் பெயர்கள் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கும் என்று பட்டியலிடுங்கள். எங்கள் பகுதியைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம். திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, கோணமாமலை, திருமலை என்று தமிழிலேயே ஐந்து வடிவம் இருக்கின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதிய வடிவங்கள் வேறு. மூதூர்ப் பகுதியின் பழைய பெயரான கொட்டியாரத்தை இன்றைய ஆங்கில நூல்களில் கே எழுத்தில் தேடுவோம்; 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது சி எழுத்தில் தொடங்கும். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "இதைப்பற்றி யாரும் எழுதவில்லை" என்று முன்னுரையில் எழுதுவது மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி காணும் பிழை.

இன்னொரு சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. யூனிகோட் பரவுவதற்கு முன்பு இலங்கையில் தமிழ் ஆவணங்கள் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அப்படியான பி.டி.எப். கோப்பைத் திறந்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும்; கணினிக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். அதில் "மீன்பிடி" என்று தேடினால் ஒன்றும் அகப்படாது, வெட்டி ஒட்டினால் குப்பையாக விழும். ஒரு வரியை வெட்டி வேறு கோப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் தேடலாம். வராவிட்டால் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. படமாக ஸ்கான் செய்த நூல் என்றால் அதுவும் உதவாது. பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகத்தான் படிக்கவேண்டும்.

எங்கே தேடுவது

முதலில் போகவேண்டிய இடம் நூலகம்.ஓர்க். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பிரசுரங்கள், சிறப்பு மலர்கள் ஆகியவற்றை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் தளம் அது. ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் என்று பல வழியில் உலாவலாம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. அதைக் குறித்துவைத்தால் பிறகு ஒரு நொடியில் திரும்பிப் போகலாம். பெரும்பாலானவை ஸ்கான் செய்த படங்கள் என்பதால் உள்ளே இருக்கும் சொல்லைக் கூகுள் காட்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது. திருகோணமலைக்காரருக்கு அங்கே உள்ள பெரும் புதையல் கோயில் கும்பாபிஷேக மலர்களும் பாடசாலை ஆண்டுவிழா மலர்களும்தான். ஊர்ப்பெயர்கள், தர்மகர்த்தாக்கள், பழைய அதிபர்கள், பழைய படங்கள் என்று வேறெங்கும் கிடைக்காத விபரம் அவற்றில் கிடக்கும். ஆனால் மலர்க் கட்டுரையாளர்கள் பலர் ஆதாரம் காட்டாமல் எழுதுவார்கள். எனவே அங்கிருந்து ஒரு செய்தியை எடுத்தால் இன்னோர் இடத்திலும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொது நூலகத்துக்குப் போகிறவர்கள் நேரே இரவல் பகுதிக்குப் போய்விடுகிறார்கள். உள்ளூர் ஆய்வுக்கு வேண்டியது பெரும்பாலும் உசாத்துணைப் பகுதியில் இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள், அங்கேயே இருந்து எழுதவேண்டும். நூலகங்களில் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் இலங்கை வரலாறு 954.93, தமிழ் இலக்கியம் 894.811. அந்த எண் உள்ள தட்டின் முன்னால் நின்று இடப்பக்கம் வலப்பக்கம் உள்ளவற்றையும் புரட்டுங்கள். பட்டியலில் தேடி அகப்படாத நூல் கண்ணில் படுவது அப்படித்தான். கொண்டுபோகவேண்டியவை: தேசிய அடையாள அட்டை அல்லது பாடசாலைக் கடிதம், கொப்பி, பென்சில். பழைய நூலின்மேல் பேனை மை பட்டால் பிறகு அந்தப் பகுதிக்குள் கால்வைக்க முடியாது.

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு மூன்று வாசல். இலங்கை ஆய்விதழ்களைத் திரட்டித் தரும் எஸ்.எல்.ஜே.ஓ.எல். தளம் ஒன்று. கிழக்குப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் முதலியவற்றின் நூலகங்கள் நடத்தும் எண்ணிமக் களஞ்சியங்கள் இன்னொன்று. கருத்தரங்குக் கட்டுரைகள் அங்கே இருக்கும். மூன்றாவது கூகுள் ஸ்கொலர். கூகுள் ஸ்கொலரில் ஒரு நல்ல கட்டுரை அகப்பட்டால் அதன் கீழே, அதை மேற்கோள் காட்டிய பிந்திய கட்டுரைகளுக்கான இணைப்பு இருக்கும். அதைத் தட்டுங்கள். கட்டுரையின் கடைசியில் உள்ள உசாத்துணை உங்களைப் பின்னோக்கி அழைத்துப்போகும், அந்த இணைப்பு முன்னோக்கி அழைத்துப்போகும். ஒரு நல்ல கட்டுரையிலிருந்து இப்படி இரண்டு திசையிலும் நடந்தால் பத்துப் பன்னிரண்டு ஆதாரம் கையில் சேர்ந்துவிடும்.

புள்ளிவிபரம் வேண்டுமா? தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் இணையத்தளம், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அதன் கிளை, மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல் ஆகியவற்றைப் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1981க்குப் பிறகு நாடு தழுவிய தொகைமதிப்பு 2001இல் எடுக்கப்பட்டபோது 18 மாவட்டங்களில் மட்டுமே அது முழுமையாக நடந்தது. திருகோணமலை, மட்டக்களப்பு, வவுனியா, மன்னார் ஆகியவற்றில் பகுதியளவில்தான் கணக்கெடுக்க முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவில் நடக்கவேயில்லை. நாடு முழுவதையும் தழுவிய அடுத்த தொகைமதிப்பு 2012இல்தான் நடந்தது. அட்டவணையில் திருகோணமலைக்கு 2001 என்று ஓர் எண் இருந்தால் அது எண்ணப்பட்டதா மதிப்பிடப்பட்டதா என்று அட்டவணையின் அடிக்குறிப்பைப் பாருங்கள். பலர் 1981, 2001, 2012 மூன்றையும் ஒரே கோட்டில் இணைத்து வரைபு போட்டு, நடுவில் விழும் பள்ளத்துக்கு இடப்பெயர்வுதான் காரணம் என்று விளக்கமும் எழுதிவிடுகிறார்கள். பள்ளத்தின் ஒரு பங்கு கணக்கெடுக்காமல் விட்டதால் வந்தது.

அலுவலகங்களில் "அந்த விபரம் வெளியே கொடுப்பதில்லை" என்ற பதில் வந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். தருவதாகத் தீர்மானித்தபின்னும் தகவல் கைக்கு வர மேலும் நாள் எடுக்கும். ஆகவே கட்டுரை கொடுக்கும் திகதிக்கு இரண்டு வாரம் முன்பு விண்ணப்பித்துப் பயனில்லை, இரண்டு மாதம் முன்பே போடவேண்டும். "மீன்பிடி பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்காதீர்கள். "2015 முதல் 2020 வரை இன்ன பிரிவில் ஆண்டுதோறும் பதிவான வள்ளங்களின் எண்ணிக்கை" என்று கேட்டால்தான் ஒரு தாளில் பதில் வரும்.

பிரித்தானியர் காலத்துக் கச்சேரி ஆவணங்களும் பழைய பத்திரிகைகளும் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. போக்குவரத்துச் செலவு உண்டு. கட்டுரையின் மையக் கேள்வியே அந்த ஆவணத்தில் தங்கியிருந்தால் மட்டும் போங்கள், பாடசாலை அல்லது துறைத் தலைவரின் கடிதத்தோடு போங்கள்.

விக்கிபீடியாவைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். படியுங்கள், தலைப்பின் நிலப்படம் அரைமணி நேரத்தில் கிடைக்கும். பிறகு அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்புகளுக்குப் போய், அங்கே சொல்லப்பட்ட நூலைத் தேடி எடுத்து, அதை மேற்கோள் காட்டுங்கள்.

ஆதாரத்தை எடைபோடல்: ஒரு மூதூர்க் கதை

றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி மூதூரில் சிறைபிடிக்கப்பட்டது எப்போது? இணையத்தில் சில இடத்தில் 1659 என்று இருக்கும், சில இடத்தில் 1660. இப்படி முரண் வந்தால் எண்ணிக்கை பார்த்து அதிகம் பேர் சொன்னதை எடுப்பது வழியல்ல. பத்துத் தளமும் ஒரே தளத்தைப் பார்த்து எழுதியிருக்கலாம். மூலத்துக்குப் போகவேண்டும். இங்கே மூலம் என்பது நொக்ஸ் தானே எழுதி 1681இல் இலண்டனில் அச்சான நூல். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிறைப்பட்ட கதை அதன் நான்காம் பகுதியில் வருகிறது. 1659 நவம்பரில் இந்தியக் கரையில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த கப்பல் மரம் வெட்டிச் சீர்செய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது; கப்பலில் வந்தவர்களில் நொக்ஸ் உட்படச் சிலர் பிடிபட்டது அடுத்த ஆண்டு, 1660இல். அவசரத்தில் படித்த ஒருவர் முதற்கண்ட ஆண்டை எழுதிவிட்டால் 1659 பிறந்துவிடும். முரண் ஏன் வந்தது என்பதை அடிக்குறிப்பில் இரண்டு வரியில் எழுதினால் அதுவே உங்கள் கட்டுரையின் மிக நல்ல பகுதியாக இருக்கும்.

கோயில் இடிப்பு ஆண்டு இதைவிடக் கடினமானது. பலரும் ஆதாரமாகக் காட்டுவது பெர்னாவோ டி குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியாரின் நூல். அவர் அதை எழுதி முடித்தது 1680களில், கோவாவில் இருந்துகொண்டு. சம்பவத்துக்கும் எழுத்துக்கும் இடையே அறுபது ஆண்டு. அவர் இலங்கைக்கு வந்தவரும் அல்லர். ஆங்கில மொழிபெயர்ப்பு கொழும்பில் 1930இல் வந்தது. ஆகவே நீங்கள் படிப்பது, பிறர் எழுதியதையும் சொன்னதையும் வைத்து ஒருவர் எழுதியதன் மொழிபெயர்ப்பு. அதற்காக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை, "குவேறோஸ் சொல்வதன்படி" என்று தொடங்கி எழுதவேண்டும். இரு கருத்து இருக்கும் இடத்தில் "1622 என்று இன்னாரும் 1624 என்று இன்னாரும் எழுதுகின்றனர்" என்று இரண்டையும் பக்க எண்ணோடு வைத்துவிட்டு நகர்வது மரியாதையான வழி.

1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகத்துக்குள் மூழ்கியதாக எழுதிவிடுவதுண்டு. கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியேறித் தெற்கே போயிருந்தது, மூழ்கியது மட்டக்களப்புக்கு அப்பால் கடலில். ஒரே நாளில் நடந்த இரண்டைப் பின்னால் வந்தவர்கள் ஒன்றாக்கியதால் வந்த பிழை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் எண்ணிக்கையிலும் இப்படித்தான். இந்தியத் தரப்போடு செய்த 2022 ஜனவரி ஒப்பந்தங்களில் 99 தாங்கிகள் பங்கிடப்பட்டன. வேறு எழுத்துகளில் நூறைத் தாண்டிய எண் வரும். முதலில் கட்டியதை எண்ணுகிறார்களா, அழிந்தது போக மிஞ்சியதை எண்ணுகிறார்களா என்று பார்க்காமல் எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள்.

கொப்பியில் என்ன எழுதுவது

எண்பது பக்க ஒற்றை றூல் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு நூலையும் திறந்தவுடன், படிக்கத் தொடங்குமுன், தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்து ஏழு விடயத்தை எழுதுங்கள்: ஆசிரியர் பெயர் அங்கே அச்சிட்டபடியே, நூற்பெயர், பதிப்பு எத்தனையாவது, வெளியிட்டவர், இடம், ஆண்டு, எங்கே கிடைத்தது (நூலக எண் அல்லது தட்டு எண்). அட்டையைப் பார்த்து எழுதக்கூடாது. அட்டையில் சுருங்கிய பெயரும் மறுபதிப்பு ஆண்டும் இருப்பது வழக்கம்.

அதன்கீழே குறிப்புகள். இடது ஓரத்தில் பக்க எண், வலப்பக்கம் குறிப்பு. நூலின் சொல்லை அப்படியே எடுத்தால் இரட்டை மேற்கோள்குறி போட்டே எழுதுங்கள். உங்கள் சொல்லில் சுருக்கினால் குறி வேண்டாம். உங்கள் சொந்த எண்ணம் வந்தால் "நான்:" என்று தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்துக் கொப்பியைத் திறக்கும்போது எது யாருடைய சொல் என்று ஞாபகம் இருக்காது. எழுத்துத் திருட்டு என்று பிடிபடுகிறவர்களில் கணிசமானோர் திருட நினைத்தவர்கள் அல்லர், குறிப்பெடுத்தபோது மேற்கோள்குறி போடாதவர்கள்.

பி.டி.எப்.இல் படிக்கிறவர்கள் கவனிக்க: திரையின் மேலே காட்டும் எண் கோப்பின் பக்கம். நூலின் பக்கம் தாளில் அச்சாகியிருப்பது. அட்டை, முன்னுரை, அணிந்துரை எல்லாம் சேர்ந்து இரண்டுக்கும் பத்துப் பன்னிரண்டு வித்தியாசம் இருக்கும். அச்சான எண்ணையே எழுதுங்கள். போனில் படம் எடுக்கிறவர்கள் பக்க எண் உள்ள மூலை படத்துக்குள் விழுகிறதா என்று பார்த்து எடுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் முதற்படம் தலைப்புப் பக்கமாகவே இருக்கட்டும். நாற்பது படம் எடுத்துவிட்டு எந்த நூல் என்று தெரியாமல் நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இணையப் பக்கம் என்றால் பார்த்த திகதியையும் எழுதுங்கள். செய்தித் தளங்கள் முகவரியை மாற்றிவிடும், சில மூடியே போய்விடும். வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமித்தால் நிலையான பிரதி ஒன்று அங்கே கிடைக்கும். அந்த இணைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டுரைக்குள் எப்படிச் சொல்வது

மூலத்தில் இப்படி ஒரு வசனம் இருப்பதாகக் கொள்வோம்: "கன்னியாவின் ஏழு கிணறுகளும் அருகருகே அமைந்திருந்தபோதும் நீரின் வெப்பநிலை கிணற்றுக்குக் கிணறு வேறுபடுகிறது."

இதை ஒரு மாணவர் "கன்னியாவில் உள்ள ஏழு கிணறுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் தண்ணீரின் சூடு கிணற்றுக்குக் கிணறு மாறுபடுகிறது" என்று எழுதினால், சொற்கள் மாறியிருக்கின்றன, எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. முடிவில் ஆசிரியர் பெயர் போட்டாலும் இது நகல்தான். நூலை மூடிவைத்துவிட்டு, உங்கள் வாதத்துக்கு அது ஏன் வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள்: "ஏழு கிணறும் ஒரே ஊற்றிலிருந்து நிரம்புகின்றன என்றால், அவற்றின் வெப்பநிலை ஏன் ஒன்றாக இல்லை (ஆசிரியர், ஆண்டு, ப. 12) என்பதை முதலில் விளக்கவேண்டும்." இங்கே வெப்பநிலை வேறுபாடு மூலத்துடையது, ஊற்றுப் பற்றிய கேள்வி உங்களுடையது. அடைப்புக்குறி எந்தச் சொல்லின் பின்னால் நிற்கிறது என்று பாருங்கள். வசன முடிவில் வைத்தால் உங்கள் கேள்வியும் அவர் தலையில் ஏறிவிடும்.

மொழிபெயர்ப்புத் திருட்டு எங்கள் பக்கத்தில் தனி வியாதி. ஆங்கிலக் கட்டுரையின் பந்தியைத் தமிழாக்கி, தமிழில் நானே எழுதியதுதானே என்று பெயர் போடாமல் விடுவது. மொழி மாறினாலும் கருத்தும் ஒழுங்கும் அவருடையவை. பெயர் போடுங்கள். அவர் வசனத்தையே தமிழில் மேற்கோளாகத் தந்தால் "மொழிபெயர்ப்பு கட்டுரையாளருடையது" என்று சேர்த்துவிடுங்கள்.

கையில் எடுத்துப் பார்க்காத நூலை எடுத்ததுபோல் காட்டாதீர்கள். குவேறோஸை நீங்கள் ஒரு தமிழ் நூலில் மேற்கோளாகப் பார்த்தீர்கள் என்றால், "குவேறோஸ், மேற்கோள்: இன்னார், ஆண்டு, பக்கம்" என்றுதான் எழுதவேண்டும். பட்டியலில் வருவது அந்தத் தமிழ் நூல் மட்டும். நடுவில் உள்ளவர் பிழையாக எடுத்திருந்தால் அந்தப் பிழைக்கு நீங்கள் பொறுப்பாளி ஆகாமல் தப்ப இது ஒன்றே வழி.

பழைய நூலின் மறுபதிப்பைப் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டையும் கொடுங்கள். நொக்ஸ் நூலின் 1911 பதிப்பைப் பார்த்தவர் (நொக்ஸ், 1681/1911) என்று எழுதுவார். 1911 என்று மட்டும் போட்டால் அவர் இருபதாம் நூற்றாண்டு ஆள் ஆகிவிடுகிறார். பக்க எண் இல்லாத இணையப் பதிப்பு என்றால் பகுதி, அத்தியாயம் சொல்லுங்கள். தேவாரத்துக்கும் அப்படியே: சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் மூன்றாம் திருமுறையில் 123ஆவது. 3:123:1 என்று எழுதினால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் முதற் பாட்டைக் கண்டுபிடிப்பார். எந்தப் பதிப்பின் பாடத்தை எடுத்தீர்கள் என்பது பட்டியலுக்கு.

கல்வெட்டு தனி விடயம். கோட்டை வாசலில் நின்று கல்லைப் படமெடுக்கலாம், அது உங்கள் படம். அந்த எழுத்துகளை வாசித்துச் சொன்னவர் வேறொருவர். சிதைந்த எழுத்தை ஒவ்வொரு அறிஞரும் ஒவ்வொரு விதமாக நிரப்பியிருப்பார்கள். யாருடைய வாசிப்பு என்று சொல்லாமல் கல்வெட்டு வரியைத் தரக்கூடாது.

கோயில் மலர்களில் ஆங்கில ஆண்டு இல்லாமல் "பிரபவ வருடம்" என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் பிரபவ 1927இலும் வரும், 1987இலும் வரும். அச்சு, விளம்பரம், படத்தில் உள்ளவர்கள் ஆகியவற்றை வைத்து எது என்று தீர்மானித்து, ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். அது நீங்கள் தீர்மானித்தது என்பதற்கு அந்தச் சதுரம்தான் அடையாளம்.

வாய்மொழி. திருக்கடலூரில் ஒரு பெரியவரிடம் கரைவலை பற்றிக் கேட்கப்போனால், என்ன கட்டுரை, யார் படிப்பார்கள், பெயர் போடலாமா என்பதை முதலிலேயே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். ஒலிப்பதிவு செய்வதானால் அதற்குத் தனியாகக் கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் "மீனவர் 3, 68 வயது" என்று எழுதலாம். திகதியும் இடமும் கட்டாயம். ஏ.பி.ஏ. முறை (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) நேர்காணலைக் கட்டுரைக்குள் மட்டும் சொல்லச் சொல்கிறது, இறுதிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. எங்கள் தமிழ், வரலாற்றுத் துறைகளில் "நேர்காணல்கள்" என்று தனிப் பின்னிணைப்புக் கேட்பவர்களும் உண்டு. மேற்பார்வையாளரைக் கேட்டுவிட்டு ஒரு முறையில் நில்லுங்கள்.

பட்டியல் போடும்போது

ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ., சிக்காகோ என்று எந்த முறையும் ஆகலாம். துறை சொன்னதே முறை. கலந்து போடுவதுதான் குற்றம். எல்லாம் ஆங்கிலப் பெயர்களுக்காக வகுக்கப்பட்டவை என்பதால் தமிழ்ப் பெயரில் இடறும். எங்கள் முதலெழுத்து பெரும்பாலும் தகப்பன் பெயர், குடும்பப் பெயர் அல்ல. ஆகவே ஆசிரியரின் சொந்தப் பெயரை முன்னால் வைத்து, காற்புள்ளி இட்டு, முதலெழுத்தைப் பின்னால் வையுங்கள். "எம்.ஐ.எம்." போன்று ஆங்கில ஒலியில் எழுதும் முதலெழுத்துகளைத் தமிழாக்கப் போகாதீர்கள், தலைப்புப் பக்கத்தில் உள்ளபடி விடுங்கள். ஒரே அறிஞர் தமிழில் சி. என்றும் ஆங்கிலத்தில் எஸ். என்றும் வருவார். இரண்டு ஆளாகப் பட்டியலிடாமல் தமிழ்ப் பட்டியலில் தமிழ் வடிவம், ஆங்கிலப் பட்டியலில் ஆங்கில வடிவம் என்று பிரித்துவிட்டால் தொல்லை இல்லை.

நூலகம்.ஓர்க்கில் படித்த நூலை நூலாகவே பட்டியலிடுங்கள்: ஆசிரியர், ஆண்டு, நூற்பெயர், இடம், வெளியீட்டாளர், கடைசியில் இணைப்பு. "நூலகம் இணையத்தளம்" என்று ஒற்றை வரி போட்டு இருபது நூலை அதற்குள் அடக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நூலகக் கட்டடத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டு நூலின் பெயரைச் சொல்லாமல் விட்டதற்குச் சமம் அது.

ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருள் பட்டியலைத் தானே போட்டுத் தரும். தமிழ்ப் பெயரைக் கொடுக்கும்போது பெயர்ப் பெட்டியை ஒற்றைப் பெட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முன்னும் பின்னும் புரட்டிவிடும். "முதலானோர்", "பக்கம்" வரவேண்டிய இடங்களில் ஆங்கிலச் சுருக்கங்கள் நுழைந்திருக்கும். இறுதியில் கையால் திருத்தவேண்டும். அகர வரிசையையும் நம்பாதீர்கள். யூனிகோட் அட்டவணை ஒழுங்கில் அடுக்கும் மென்பொருள் ஜ-வைச் ச-வுக்கு அடுத்தும், ற-வை ர-வுக்கு அடுத்தும் கொண்டுபோய் வைக்கும். அகராதியில் ற, ன இரண்டும் மெய்வரிசையின் கடைசி, ஜ போன்ற கிரந்த எழுத்துகள் அதற்கும் பின்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் ஆதாரம் கேட்டால் ஆசிரியர், ஆண்டு, ஆய்விதழ், பக்கம் எல்லாவற்றோடும் அழகான பட்டியல் வரும். அவற்றில் சில உலகத்திலேயே இல்லாதவை. தலைப்பை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுங்கள். டி.ஓ.ஐ. எண் (ஒரு கட்டுரைக்கு இணையத்தில் உரிய நிலையான எண், 10. என்று தொடங்குவது) தந்திருந்தால் அதை டி.ஓ.ஐ. தளத்தில் கொடுத்துப் பாருங்கள். வேறு கட்டுரைக்குப் போனால் பட்டியலில் அந்த வரி பொய். திறந்து படிக்காத எதுவும் பட்டியலில் ஏறக்கூடாது.

கொடுப்பதற்கு முதல்நாள் கட்டுரையை அச்சிட்டு, ஒரு பென்சிலோடு உட்காருங்கள். கட்டுரைக்குள் வரும் ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் பட்டியலில் ஒரு சரி போடுங்கள். சரி விழாத வரி பட்டியலில் இருந்தால் வெட்டுங்கள். பட்டியலில் இல்லாத பெயர் கட்டுரைக்குள் இருந்தால் கொப்பியைத் திறந்து சேருங்கள். பிறகு கண்ணை மூடி ஐந்து மேற்கோளைத் தொட்டு, அந்த ஐந்தின் பக்கத்தையும் நூலில் எடுத்துப் பாருங்கள். ஐந்தில் ஒன்று பிழையாக இருந்தாலும் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். அதற்கு ஓர் இரவு போதும்.